குட்டை விரல் பேஸ் கிட்டாருக்குத் தடையல்ல

ஆசிரியருக்கு,

குன்னூர், கோத்தகிரி பக்கத்துப் பாடகர் குழுக்களில் பேஸ் கிட்டார் கற்க வரும் பிள்ளைகளை, விரல் குட்டை என்று திருப்பி அனுப்புவது தவறு. வழக்கமான பேஸில் தந்தி நீளம் 34 அங்குலம். முதல் ஃப்ரெட் (கிட்டாரின் கழுத்தைக் குறுக்குக் கம்பிகள் பிரிக்கும் கட்டம்) மட்டுமே ஏறத்தாழ 1.9 அங்குலம். அங்கே விரலுக்கு ஒரு ஃப்ரெட் என்று விரிக்கச் சொன்னால் பெரியவர்களுக்கே மணிக்கட்டு வலிக்கும். மூன்று ஃப்ரெட்டுக்கு ஆள்காட்டி விரல், நடுவிரல், சுண்டுவிரல் போதும். மோதிரவிரல் சுண்டுவிரலோடு சேர்ந்து அழுத்தட்டும். நான்காவது ஃப்ரெட்டுக்குக் கையையே நகர்த்த வேண்டும். கட்டைவிரல் கழுத்தின் பின்புற நடுவில் இருக்கட்டும். மேலே ஏறினால் எட்டும் தூரம் குறைந்துவிடும்.

தந்தி நீளம் குறைந்த, 30 அங்குல ஷார்ட் ஸ்கேல் பேஸ் கிடைத்தால் நல்லது. அதற்குரிய நீளத் தந்தியையே போடுங்கள். கிடைக்காவிட்டால், பெரிய பேஸின் எல்லாத் தந்திகளையும் இரண்டு ஃப்ரெட் அளவு சுருதி இறக்கி, இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை ஒருசேர அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டலாம். மிச்ச நீளம் 30.3 அங்குலம், சுருதி வழக்கமானதே. தளர்ந்த தந்தி இரைந்தால் சற்றுத் தடித்த தந்தி வேண்டும்.

நம் மலையின் மழை மாதங்களில் ஈரத்தால் கழுத்து வளைந்து தந்தி உயர்ந்துவிடுவதுண்டு. அப்போது ட்ரஸ் ராடை (கழுத்தின் வளைவைச் சரிசெய்ய அதனுள் இருக்கும் உலோகக் கம்பி) கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருகாதீர்கள்.

பேஸ் கிட்டார் பயிற்றுநர்கள்,
குன்னூர்