சயனைடு மேட்டைத் தொடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோலார் தங்கவயலின் சயனைடு மேடுகளில் (பாறையை அரைத்து சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய கழிவு மண் மேடுகளில்) மிச்சமிருக்கும் தங்கத்தை எடுப்பது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 13 மேடுகள், சுமார் 3.3 கோடி டன் கழிவு மண், டன்னுக்கு ஒரு கிராம்கூடத் தேறாத தங்கம், 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை கொடுத்த ஒப்புதல் என எல்லாம் இருந்தது. மேடுகளின் அடிவாரத்தில் குடியிருப்பவர்களைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை.

நான் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் ஒரு தொழிலாளர் லைனில், அதாவது வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவள். அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தார். வட ஆற்காடு, சேலம், தருமபுரிப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போன எங்களைப் போன்ற குடும்பங்கள் அங்கே ஏராளம். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். வேலை போய்விட்டது, மேடுகள் அங்கேயே நிற்கின்றன.

அந்த மண்ணில் சயனைடு இருக்கிறதா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை என்று யாராவது சொன்னதும் பேச்சு முடிந்துவிடுகிறது. சயனைடு வெயிலும் காற்றும் படப்படப் பெருமளவு சிதைந்துவிடும். ஆனால் தங்கப் பாறை பெரும்பாலும் குவார்ட்ஸ், அதாவது சிலிக்காவால் ஆன கல். சயனைடு கரைசல் உள்ளே இறங்க வேண்டும் என்று அதை மில்லில் மாவாக அரைத்துத்தான் கொட்டினார்கள். அதாவது மேட்டில் கிடப்பது பொடிப் பொடியான சிலிக்கா. கோடைக் காற்றில் அது கிளம்பினால் சோறு, தண்ணீர்க்குடம், காயப்போட்ட துணி எதுவும் தப்பாது. கண்ணுக்குத் தெரியாத துகள்தான் இன்னும் மோசம். 4 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறியது நுரையீரலின் அடி வரை போய்த் தங்கிவிடும். இந்தத் தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிகோசிஸ் தலைகாட்டவே பல வருடம் ஆகும். வந்தபின் குணமாக்க மருந்து கிடையாது. கோலார் தொழிலாளர்களுக்கு அந்த நோய் இருந்தது 1940-களிலேயே மருத்துவ ஆய்வில் பதிவான விஷயம். சரி, சுரங்கத்துக்குள் இறங்கியவர்களைச் சோதித்தார்கள். மேட்டுக்குக் கீழே வாசல் பெருக்கிக்கொண்டே வாழ்ந்த பெண்களின் நெஞ்சை யார் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள்?

நாலு இடத்தில் மண் அள்ளி லேபுக்கு அனுப்பினால் அது ஆபத்து மதிப்பீடு ஆகிவிடாது. மண்ணில் என்ன இருக்கிறது, எந்த வழியாக உடம்புக்குள் போகிறது, யாருடைய உடம்புக்குள் போகிறது என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குழந்தை மண்ணில் விளையாடிக் கையை வாயில் வைக்கும். பெரியவர்களுக்கு வைத்த வரம்பை அதற்கும் வைக்க முடியாது. பாறையில் கந்தகம் சேர்ந்த தாதுக்கள் இருந்தால் மழையில் அமிலம் உண்டாகி உலோகங்களைக் கரைத்து ஓடைக்குக் கொண்டுபோகும். அந்த ஓடைத் தண்ணீரில் வளரும் கீரை, அங்கே மேயும் ஆட்டின் பால், ஏரி மீன், மண்புழு, அதைத் தின்னும் கொக்கு வரை கணக்கில் வர வேண்டும். எந்த மாதம் எந்தப் பக்கம் தூசி அடிக்கும் என்பது லைன் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். அவர்களிடம் கேட்க வேண்டும்.

இது நடக்காத காரியம் இல்லை. கனடாவில் யெல்லோநைஃப் நகரை ஒட்டி ஜயண்ட் என்றொரு தங்கச் சுரங்கம். 2004-ல் மூடப்பட்டது. நிலத்தடியில் 2,37,000 டன் ஆர்சனிக் ட்ரை ஆக்ஸைடு என்ற நச்சுத் தூள் கிடக்கிறது. சுத்தப்படுத்தும் பணிக்கு முன்பே மனித நலத்துக்கும் சுற்றுச்சூழலுக்குமான ஆபத்தை மதிப்பிட்டார்கள். பழங்குடி மக்கள் பிடித்துச் சாப்பிடும் மீனும் பறிக்கும் காட்டுப் பழங்களும்கூட அந்தக் கணக்கில் இருந்தன. கூடவே ஊர்க்காரர்களின் சிறுநீரிலும் கால் நகத்திலும் ஆர்சனிக் எவ்வளவு என்று பார்த்து வைத்துக்கொண்டார்கள்.

தங்கவயலில் அவசரம் இன்னும் அதிகம். இத்தனை வருடம் இறுகிக் கிடந்த மேற்பரப்பைக் கிளறி, லாரியில் ஏற்றி, மறுபடியும் கரைசலில் போடப்போகிறார்கள். இன்றைய காற்று, தண்ணீர், மக்களின் உடல்நிலை பற்றிய பதிவு இல்லாமல் வேலையைத் தொடங்கினால், நாளை ஒருவர் இருமலோடு வந்து நின்றால் அது பழைய நோய் என்று சொல்லி அனுப்பிவிடலாம். அதனால் மண்வெட்டி விழுவதற்கு முன் ஆய்வு முடிய வேண்டும். குத்தகை எடுக்கும் நிறுவனத்தின் கையில் அதைக் கொடுக்கவே கூடாது. அறிக்கை கன்னடத்திலும் தமிழிலும் லைன்களில் படிக்கக் கிடைக்க வேண்டும்.

அப்படி ஓர் ஆய்வுக்கு உத்தரவு இருக்கிறதா, யார் செய்கிறார்கள் என்று உங்கள் நிருபர் சம்பந்தப்பட்ட துறைகளில் கேட்டு அடுத்த இதழிலேயே எழுத வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகள்,
ஆண்டர்சன்பேட்டை, கோலார் தங்கவயல்