மடிப்புக்குள்ள போன மூக்கு

ஆசிரியர் அவங்களுக்கு வணக்கமுங்க.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல 8ம் பக்கமும் 9ம் பக்கமும் சேர்த்து ஒரு சீரியல் நாயகியப் பத்தி பெரிய கட்டுரை போட்டிருந்தீங்களே, இந்த லெட்டர் அதப் பத்தித்தான். கட்டுரைய குறை சொல்ல வரலீங்க, எழுதுனவங்க நல்லாத்தான் எழுதியிருக்காங்க, படிக்க முடிஞ்ச வரைக்கும். எனக்கு ஆகாதது லே அவுட்டு, அதாவது படத்தையும் எழுத்தையும் பக்கத்துல அடுக்கின விதம்.

எங்கூட்ல பேப்பர் வந்தா மொதல்ல எங்கத்தை கைக்குத்தான் போகும். 74 வயசு, கண்ணு ஆபரேஷன் ஆனவங்க, தலையங்கம் படிக்கறாங்களோ இல்லையோ டிவி பக்கத்த ஒரு வரி விடமாட்டாங்க. அன்னிக்கு அந்தப் பக்கத்த விரிச்சு ரொம்ப நேரம் பாத்துட்டு "ஏங்கண்ணு, இந்தப் புள்ளைக்கு மூக்கு எங்க போச்சு"ன்னு கேட்டாங்க. நான் அடுப்படில இருந்து கைய தொடச்சுட்டு வந்து பாத்தா, ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே போட்டோ, மூஞ்சி சரியா நட்ட நடுவுல, மூக்கு மடிப்புக்குள்ள போயிருச்சு, அது போதாதுன்னு இடது கண்ணு ஒரு இடத்துல வலது கண்ணு கொஞ்சம் எறங்கி வேற இடத்துல.

இது எப்படி ஆச்சுன்னு எனக்குத் தெரியும், ஏன்னா நானும் அந்தத் தொழில்தானுங்க. 1997ல ஈரோட்ல ஒரு ஆப்செட் பிரஸ்ல டிடிபி ஆப்பரேட்டரா, அதாவது கம்ப்யூட்டர்ல பக்கம் அமைக்கற ஆளா சேர்ந்து, பேஜ்மேக்கர்ங்கற சாப்ட்வேர்ல கம்போஸ் பண்ணி, பட்டர் ஷீட்டுங்கற மெல்லிசு தாள்ல பிரின்ட் எடுத்து கண்ணாடி டேபிள் மேல ஒட்டி, எல்லாம் பாத்தாச்சு. இப்ப பவானில கல்யாண பத்திரிகையும் பிளெக்ஸும் டிசைன் பண்ணிட்டிருக்கேன். உங்க இணைப்பு 32 பக்கம். அதுல 16ம் 17ம் மட்டுந்தான் ஒரே தாள்ல பக்கத்துல பக்கத்துல அச்சாகும். 8ம் பக்கம் அச்சாகறது 25ம் பக்கத்தோட, 9ம் பக்கம் அச்சாகறது 24ம் பக்கத்தோட, கூட்டிப் பாருங்க ரெண்டுமே 33 வரும். ஆக 8ம் 9ம் வேற வேற தாளு, மடிக்கற எடத்துல ரெண்டு மூணு மில்லிமீட்டர் ஏறி எறங்கத்தான் செய்யும், மெஷின்காரர திட்டி ஒன்னும் ஆகப்போறதில்ல. அதனாலதான் பழைய ஆர்ட்டிஸ்டுக மூஞ்சிய ஒரு பக்கமா ஒதுக்கிட்டு, மடிப்புல சேலை, சுவரு, வானம்னு ஏதாவது பெருசா நஷ்டமில்லாதத விடுவாங்க. மூஞ்சிய நட்டநடுவுல வெச்சே ஆகணும்னா நடுப்பக்கத்துக்கு கொண்டு போங்க, அங்க எந்தச் சேதாரமும் இல்ல.

கம்ப்யூட்டர் ஸ்கிரீன்ல பாக்கறப்ப மடிப்பே தெரியாதுங்க, தப்பு அங்கதான் ஆரம்பிக்குது.

அடுத்தது இன்னும் பெரிய கூத்து. 9ம் பக்கம் கீழ ஒரு சின்னப் போட்டோ, அதே பொண்ணு நின்னுட்டிருக்கற மாதிரி. அத்தை அத விரல் வெச்சு காட்டி, "இவ முந்தானைய ஏன் வலது தோள்ல போட்டிருக்கறா, எப்ப சேட்டூட்டுப் புள்ள ஆனா"ன்னாங்க. பாத்தா மூக்குத்தியும் பக்கம் மாறியிருந்துச்சு. லே அவுட்ல ஒரு சம்பிரதாயம் உண்டு, போட்டோல இருக்கறவங்க பக்கத்துக்கு உள்ள பாக்கணும், வெளிய பாத்தா படிக்கறவங்க கண்ணும் வெளிய போயிரும்னு சொல்லுவாங்க, அது நெசந்தான். ஆனா அதுக்காக போட்டோவ திருப்பிப் போட்டுட்டா? வலது பக்கத்துல இருக்கற போட்டோ வலது பக்கமா பாத்தா அத தூக்கி இடது பக்கம் வெக்கணும், இல்லீன்னா வேற போட்டோ கேட்டு வாங்கணும், கண்ணாடில பாக்கற மாதிரி மாத்தக்கூடாது. ஆம்பளைகளா இருந்தா சட்டைப் பட்டன் காட்டிக் குடுத்துரும், பொம்பளைகன்னா முந்தானை. தினம் ஒம்பது மணிக்கு அந்த மூஞ்சிய அரை மணி நேரம் பாக்கற ஆளுககிட்ட இது செல்லாதுங்க.

இனி எழுத்து. பின்னாடி கருநீலமும் செவப்புமா கலந்த கலரு, அது மேல வெள்ளை எழுத்து, அதுவும் பொடி எழுத்து. ரிவர்ஸ்ல அடிக்கறதும்போம் நாங்க. வழவழன்னு இருக்கற ஆர்ட் பேப்பர்ல வர்ற பத்திரிகைல இது பாக்க அம்சமா இருக்கும், டிவி பக்கம்னாலே இருட்டு பின்னணில வெளிச்ச எழுத்துன்னு ஒரு பழக்கமாவே ஆகிப்போச்சு, டிவி பெட்டி மாதிரி இருக்கட்டும்னு நெனைக்கறாங்களாட்ட இருக்குது. நியூஸ்பிரின்ட் அப்படி இல்லீங்க, மையக் குடிக்கற தாளு, அச்சடிக்கற மைப்புள்ளி விரியும், ஒரு கலருக்கு நூறுன்னு நாலு கலருக்கும் 400 சதவீதம் மை போடலாம்னாலும், மொத்தம் 240க்கு மேல ஏத்தாதேன்னு சொல்றதே அதுக்குத்தான். ஒவ்வொரு கலருக்கும் தனித்தனி பிளேட், அதுல ஒன்னு மயிரிழை நகர்ந்தா போதும், வெள்ளை எழுத்துக்குள்ள கலரு பூந்துக்கும். இங்கிலீசுக்காவது எழுத்து மெலியறதோட போகும். நமக்கு மெய்யெழுத்து மேல இருக்கற புள்ளி போயிரும். கட்டுரைல அந்தப் பொண்ணு சீரியல்ல பல் டாக்டரா நடிக்கறதா எழுதியிருக்கீங்க, எங்கூட்டுக்கு வந்த காப்பில அது "பல டாக்டர்". எத்தனை டாக்டரு கண்ணுன்னு அத்தை கேட்டப்ப சிரிப்ப அடக்க முடியல. ஓலைச்சுவடி காலத்துல புள்ளி வெச்சா ஓலை ஓட்டையாயிரும்னு வெக்காம விட்டாங்க, அச்சு வந்த பொறவுதான் அது கெட்டியா நின்னுச்சு, இப்ப நாலு கலர் மெஷின வெச்சுக்கிட்டு நாம மறுபடியும் ஓலைக்கே போயிட்டமாட்ட இருக்குது. வெள்ளை எழுத்துதான் வேணும்னா தடிச்ச எழுத்தா, பெரிய சைசா, பின்னாடி கருப்பு மட்டும், தலைப்புக்கு மட்டும் வெச்சுக்குங்க. படிக்கற மேட்டர் வெள்ளைத் தாள்ல கருப்பு மையில இருந்தா போதும்.

அப்புறம் மொத எழுத்த மூணு வரி உயரத்துக்கு பெருசா போடறீங்களே, அதுல கட்டுரை "கொ"ன்னு ஆரம்பிக்குது, ஆனா பெருசா நிக்கறது வெறும் கொம்பு மட்டும், க-வும் காலும் பொடியா பக்கத்துல. பழைய பான்ட்ல கொம்பு, க, கால் மூணும் தனித்தனி எழுத்து, எத்தன எழுத்த பெருசாக்கணும்னு கேக்கற எடத்துல 1ன்னு இருக்கறத 3ன்னு மாத்தினா சரியாப் போகும், அரை நிமிஷ வேலை. நடுவுல கட்டம் கட்டி பெரிய எழுத்துல ஒரு வரி போட்டிருக்கீங்க, அந்த வரிய கட்டுரைக்குள்ள ரெண்டு தடவ தேடினேன், இல்லீங்க.

போட்டோ மங்கலா இருந்ததுக்கும் காரணம் இருக்குது. அது ஷூட்டிங் ஸ்பாட்ல எடுத்த ஸ்டில் இல்ல, எபிசோட நிறுத்தி வெச்சு எடுத்தது, மூலையில சேனல் லோகோவோட பாதி அழிஞ்சும் அழியாம நிக்குதே. எச்டில எடுத்தாலும் அகலம் 1920 பிக்சல்தான். உங்க ரெண்டு பக்கமும் சேர்த்து 22 இஞ்சு, ஸ்கேல் வெச்சு அளந்துட்டுத்தான் எழுதறேன், வகுத்தா இஞ்சுக்கு 87 பிக்சல் வருது, நியூஸ்பிரின்ட்டுக்கே 200 கிட்ட வேணும். பழைய டிவியோட பால் (PAL) சிஸ்டத்துல 720க்கு 576 பிக்சல்தான், ஆர்ட் பேப்பர்ல போட்டா ரெண்டரை இஞ்சுக்கு மேல தாங்காது, அதனால நாங்க தபால் தலை மாதிரி சின்னச் சின்னதா வரிசையா வெச்சு ஒப்பேத்துவோம், அதுவே ஒரு அழகா இருக்கும். அதுக்கும் முன்னாடி எங்க முதலாளி டிவியவே கேமரால படம் புடிப்பாரு, ரூம்ல லைட்ட அணைச்சு, ஸ்டாண்டு போட்டு, ஷட்டர ஒரு செகண்டுல 15ல ஒரு பங்கு தெறந்திருக்கற மாதிரி வெச்சு, நாங்கெல்லாம் மூச்சு விடாம நிப்போம். செகண்டுக்கு 25 பிரேம் ஓடற டிவிய அத விட வேகமா புடிச்சா குறுக்க கருப்பு பட்டை விழுந்துரும். ஒரு ரோல்ல நாலு தேறுனா அன்னிக்கு எல்லாருக்கும் டீ.

டிவி பக்கம்ங்கறது மொதல்ல ஒரு கட்டம்தானுங்க. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15ல ஆரம்பிச்சுது, ஒரே சேனலு, இன்னிக்கு என்ன போடறாங்கன்னு பேப்பர் மூலைல ஒரு டப்பா இருந்தா முடிஞ்சுது. 1993 ஏப்ரல் 14ல சன் டிவி வந்த பொறவு ஒவ்வொரு சேனலா கூடக்கூட அந்த டப்பாவும் பெருசாகி பக்கமாச்சு. இப்ப நேரம் பாக்கறதுக்கு ரிமோட்ல ஒரு பட்டன் இருக்கு, அதனால பட்டியல் சுருங்கி நடிகை போட்டோ பெருசாயிருச்சு. நம்மூருல மட்டும் இல்ல, அமெரிக்கால டிவி கைடுன்னு 1953லேருந்து கையடக்க சைஸ்ல வந்த பத்திரிகையும் 2005ல பெரிய சைசுக்கு மாறி, பட்டியலக் கொறைச்சு கட்டுரையக் கூட்டிருச்சு.

அது உங்க இஷ்டம். ஆனா டிவி பக்கத்த யாரும் டேபிள் மேல விரிச்சு வெச்சுப் படிக்கறதில்லீங்க. எங்கத்தை நாலா மடிச்சு மடில வெச்சுக்குவாங்க, விளம்பரம் வர்றப்ப ரெண்டு வரி, சீரியல் ஆரம்பிச்சா கீழ, மறுபடி விளம்பரம் வந்தா ரெண்டு வரி. எங்க வீதி சலூன்ல பேப்பர ஒவ்வொரு தாளா பிரிச்சு ஆளுக்கு ஒன்னு வெச்சிருப்பாங்க, 8ம் பக்கம் ஒருத்தர்கிட்ட, 9ம் பக்கம் இன்னொருத்தர்கிட்ட, தலைப்புல பாதி அங்க பாதி இங்க. ஒவ்வொரு பக்கமும் தனியா நின்னாலும் படிக்கற மாதிரி வெச்சுட்டு அப்புறம் ரெண்டையும் சேருங்க. அச்சுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு பிரின்ட் எடுத்து நாலா மடிச்சுப் பாத்தாப் போதும்.

அந்த சின்னப் போட்டோவ மட்டும் வர்ற வாரம் நேரா போட்டு ஒரு திருத்தம் வெச்சுருங்க. அந்தப் பொண்ணு சேட்டூடு இல்லேன்னு நான் சொன்னா அத்தை நம்ப மாட்டேங்கறாங்க, பேப்பர்ல வந்தாத்தான் நம்புவாங்களாமா.

இப்படிக்கு,
ஒரு டிடிபி ஆப்பரேட்டர்,
காளிங்கராயன்பாளையம், பவானி.