கார்பன் சைக்கிள் வாங்கப்போகும் மகளுக்கு

அக்கரைப்பேட்டை,
நாகப்பட்டினம்.

அன்பு மகள் தேன்மொழிக்கு அப்பா எழுதுவது.

நீ அனுப்பிய படங்கள் பத்தும் வந்து சேர்ந்தன. நிறம் நன்றாக இருக்கிறது என்றாள் அம்மா. நான் நிறத்தைப் பார்க்காமல், பெடல் அச்சு உட்காரும் இடத்தையே பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கில் ஒருவர் விற்கும் 2018ஆம் ஆண்டுக் கேன்யன் அல்டிமேட் கார்பன் சைக்கிள், ஷிமானோவின் அல்டெக்ரா கியர், 1,300 யூரோ என்று எழுதியிருந்தாய். ரோடு பைக் ஓட்டிப் பழகியவன் அல்லன் நான். ஆனால் கார்பன் சட்டமும் நாம் கட்டும் ஃபைபர் போட்டும் ஒரே குடும்பம்: நம்மிடம் கண்ணாடி இழையும் பாலியெஸ்டர் ரெசினும், அவர்களிடம் கார்பன் இழையும் எபாக்ஸி ரெசினும். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

இரும்புச் சட்டம் அடிபட்டால் வளைந்தோ நசுங்கியோ காட்டிக்கொடுத்துவிடும். அடுக்கடுக்காக ஒட்டிய பொருள் அப்படியல்ல; மேலே பளபளப்பு குலையாமல் இருக்கும்போதே உள்ளே அடுக்கு விட்டிருக்கும். 2007இல் நான் ஒரு பழைய படகு வாங்கி ஏமாந்தபோது உனக்கு ஒன்பது வயது. புதிதாக நீலப் பெயிண்ட் அடித்திருந்தார்கள், நானும் அதில் மயங்கிவிட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு சுத்தியல் பிடியால் படகின் முன்முனையான அணியத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தேன். 'டக் டக்' என்று வந்த ஓசை இடது பக்கத்தில் ஒரு முழ நீளத்துக்குத் 'தொப் தொப்' என்று மாறியது. சுரண்டிப் பார்த்தால், உள்ளே கண்ணாடி இழை மேட் பூரி மாதிரி உப்பி நின்றது. வாங்குவதற்கு முன்பு ஐந்து நிமிடம் தட்டியிருந்தால் அந்தப் பணம் தப்பியிருக்கும்.

ஆகையால் சனிக்கிழமை போகும்போது ஒரு யூரோ நாணயத்தைக் கையில் வைத்துக்கொள். ஹேண்டில்பாருக்குக் கீழுள்ள கழுத்து, கல் தெறிக்கும் கீழ்க்குழாயின் அடிப்பக்கம், பெடல் அச்சைச் சுற்றிய பகுதி, செயினை ஒட்டிப் பின்சக்கரத்துக்குப் போகும் இரு கால்கள், சீட் போஸ்ட் நுழையும் வாய் ஆகிய இடங்களில் விரற்கடை இடைவெளி விட்டு மெல்லத் தட்டிக்கொண்டே போ. குழாயின் தடிமன் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் ஓசையும் சிறிது சிறிதாக மாறத்தான் செய்யும், மூட்டுகளில் இயல்பாகவே மந்தமாகக் கேட்கும், அதற்காகப் பயப்படவேண்டாம். இடப்பக்கக் காலுக்கும் வலப்பக்கக் காலுக்கும் ஒரே உயரத்தில் ஓசை வேறுபட்டாலோ, ஓரிடத்தில் மட்டும் சட்டென்று செத்துப்போனாலோதான் சந்தேகம் கொள்ளவேண்டும். விரிசல் போல ஏதாவது தெரிந்தால் நகத்தை ஓட்டிப் பார், கட்டைவிரலால் அமுக்கியும் பார். பெயிண்டில் மட்டும் விழுந்த கோடு அசையாமல் கிடக்கும். அமுக்கும்போது கோடு வாயைத் திறந்தாலோ, கரிய நூல் பிசிறு தெரிந்தாலோ, விலையே பேசாமல் வந்துவிடு.

பழுதுபார்த்த சட்டம் என்று அவர் ஒளிக்காமல் சொன்னால் அதை உடனே தள்ளிவிடாதே. இது நான் என் தொழிலிலிருந்து சொல்வது. காயத்தைச் சரிவாகத் தேய்த்து, சுற்றியுள்ள நல்ல பகுதியின் மீதும் ஏறும்படி அடுக்குகளை ஒட்டியவன் தொழில் தெரிந்தவனாக இருந்தால் அந்த இடம் தாங்கும். ஒட்டியது எந்தப் பட்டறை, ரசீது இருக்கிறதா என்று கேள். ஒட்டியது முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்காக இருந்தால் மட்டும் வேண்டாம், அது முறிந்தால் முகம்தான் முதலில் தரையில் விழும். ஹேண்டில்பாரை ஃபோர்க்கின் தண்டோடு இணைக்கும் ஸ்டெம்மைக் கழற்றிக் காட்டச் சொல். அந்தத் தண்டும் கார்பன்தான். ஸ்டெம்மின் மீது, திருகை முறுக்கவேண்டிய அளவு பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் என்று எழுதியிருக்கும், அதைப் படிக்காமல் பலங்கொண்ட மட்டும் முறுக்கியவர்கள் விட்ட நசுங்கல் தடம் அந்தத் தண்டில் தெரியும்.

பெடலைத் தாங்கும் கையான கிராங்க் பற்றிய விஷயம் உன் அண்ணன் எடுத்துக் காட்டியது. 2012 ஜூன் முதல் 2019 ஜூன் வரை ஷிமானோ செய்த பதினொரு கியர் அல்டெக்ரா, டூரா-ஏஸ் கிராங்குகளில் பசையால் ஒட்டிய கை பிரிந்துபோகக்கூடும் என்று அந்த நிறுவனமே 2023 செப்டம்பரில் அறிவித்து, கடைகளில் இலவசமாகச் சோதித்துத் தர ஏற்பாடு செய்தது. நீ பார்த்திருக்கும் வண்டி அந்தக் காலத்தில் வந்ததுதான். கையின் உட்புறத்தில் இரண்டெழுத்துக் குறி இருக்கும். அதைப் படம் எடுத்துக்கொள், சோதனை முடிந்ததா என்றும் கேள். பார், அதுவும் ஒட்டு விடுகிற நோய்தான்.

அவர் பிற்பாடு போட்டதாகச் சொல்லும் கார்பன் சக்கரங்கள் எனக்குப் பிடிக்கவில்லை. ரிம்மையே பிடிக்கும் பிரேக் அது. ஷாவின்ஸ்லாண்ட் உச்சி 1,284 மீட்டர் உயரம் என்கிறாய். அங்கிருந்து ஊருக்குள் இறங்க ஏறத்தாழ ஆயிரம் மீட்டரையும் பிரேக் கட்டையால் தேய்த்தே இறங்கவேண்டும், அந்தச் சூட்டில் ரெசின் இளகக்கூடும். பழைய அலுமினியச் சக்கரங்கள் அவரிடம் இருந்தால் அவற்றைக் கேட்டு வாங்கி, கார்பன் சக்கரங்களை அவரிடமே விட்டு விலையைக் குறைக்கச் சொல்.

சீட் போஸ்ட்டை உன் கண்முன் ஏற்றி இறக்கச் சொல். வீட்டுக்குள் டிரெய்னரில் வைத்து ஓட்டிய வண்டியில் வியர்வை உப்பு இறங்கி, அலுமினியமும் கார்பனும் தொடும் இடமெல்லாம் இறுகிப்போகும். உப்பு என்ன செய்யும் என்று நம் வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லவேண்டியதில்லை. செயின் தேய்மானத்தை அளக்கும் கேஜ் உன் தோழியிடம் இருக்கிறதே, அதையும் எடுத்துப் போ. சட்டத்தின் எண்ணும் முதல் ரசீதும் பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகே பணம் கொடு; திருட்டு வண்டியைத் தெரியாமல் வாங்கினாலும் அந்நாட்டுச் சட்டப்படி அது உன்னுடையது ஆகாது என்று நீயே எழுதியிருந்தாய். பெடல் பெரும்பாலும் விலையில் சேராது, உன் பழைய பெடலைக் கழற்றி எடுத்துப் போனால் ஓட்டிப் பார்க்கலாம்.

தட்டும்போது போனில் பதிவு செய்து அனுப்பு. முதலில் வலப்பக்கக் கால், பிறகு இடப்பக்கக் கால், இரண்டையும் மேலிருந்து கீழே ஒரே வேகத்தில் தட்டு. சனிக்கிழமை பட்டறையில் ரோலர் ஓசை நின்ற பிறகு, மாலையில் காதில் வைத்துக் கேட்டுச் சொல்கிறேன். அதுவரை முன்பணம் கொடுக்காதே.

அன்புடன்,
அப்பா