கனடாவின் நியூபவுண்ட்லாந்துத் தீவில், டிரெபாசியில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் சொன்னது இன்னும் மனதுக்குள் கிடக்கிறது. "அப்பா, இது செத்த ஊர். கிளினிக்கை விட்டு வெளியே வந்தால் காற்றும் பூட்டிய வீடுகளும்தான்" என்றாய். தனிமையில் வந்த பேச்சு, எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சொல்லை என்னால் பொறுக்க முடியவில்லை. டிரெபாசி என்ற பெயரிலேயே சாவு இருக்கிறது என்பது உண்மைதான். பிரெஞ்சு மொழியில் இறந்தவர்களைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. பனிமூட்டத்தில் வழி தவறிய எத்தனையோ கப்பல்கள் அந்தக் கரையில் உடைந்திருக்கின்றன.

போன செப்ரெம்பர் கடைசியில் உன்னைக் கொண்டுவந்து விட்டபோது, நீ பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்த நேரம் பக்கத்து வீட்டுப் பெரியவர் என்னைத் தன் கொட்டிலுக்குக் கூட்டிப்போனார். அன்று காலை பிடித்த கொட் மீன் ஒன்றை மேசையில் போட்டார். தொண்டையில் ஒரு கீறு, வயிற்றில் ஒரு கீறு. தலையை மேசை விளிம்பில் வைத்து அமுக்கினார், முறிந்து விழுந்தது. ஈரலை வேறாக எடுத்து வைத்தார். பிறகு நடுமுள்ளோடு ஒட்டிக் கத்தியை ஓட்டி முள்ளை உருவ, மீன் புத்தகம் போல விரிந்தது. அரை நிமிடம்கூட ஆகவில்லை. முன்பு இதற்கு வரிசையாக ஆட்கள் நிற்பார்களாம்: தொண்டை வெட்ட ஒருவர், தலை முறிக்க ஒருவர், பிளக்க ஒருவர், உப்புப் போட இன்னொருவர். பிளக்கிறவருக்குத்தான் மதிப்பு. ஈரல் பீப்பாய்க்குப் போகும். சின்ன வயதில் மூக்கைப் பொத்திக்கொண்டு நீ குடித்த மீனெண்ணெய் அதுதான்.

அவர் கொட் என்று ஒருதரம்கூடச் சொல்லவில்லை, கவனித்தேன். மீன் என்றுதான் சொன்னார். அந்தத் தீவில் மீன் என்றால் அது ஒன்றுதான். மற்றதெல்லாவற்றுக்கும் தனித்தனிப் பெயர்.

உப்பூறிய மீனைத் தட்டிகளில் பரப்பிக் காயவைத்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். காலையில் விரிக்க வேண்டும், மழை துமித்தால் ஓடிப்போய்க் குவிக்க வேண்டும். பருத்தித்துறையில் கருவாடு காயப்போட்ட எவருக்கும் அந்த ஓட்டம் தெரியும். காய்ந்ததைத் தரம் பிரிப்பது வியாபாரியின் ஆள். நல்லது ஸ்பெயினுக்கும் போர்த்துக்கலுக்கும் போகும், கழித்தது கரிபியன் தீவுகளுக்கு. மீனவன் கையில் காசு வராது. வசந்த காலத்தில் மாவும் தேயிலையும் நூலும் உப்பும் கடனாக வாங்குவான், இலையுதிர் காலத்தில் மீனைக் கொடுத்துக் கழிப்பான். விலையைப் போடுவதும் கொப்பியில் எழுதுவதும் வியாபாரியே. எங்கள் கரையில் படகும் வலையும் வைத்திருந்த முதலாளி, அந்தச் சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கியவர்களின் கதை நினைவுக்கு வருகிறதா?

அப்புறம் உறைமீன் காலம் வந்தது. பெரிய கப்பல்கள், கடலடியை வாரியிழுக்கும் வலையான இழுவைமடியோடு வந்தன. ஐரோப்பாவிலிருந்தும் சோவியத் நாட்டிலிருந்தும் வந்தவை கடலிலேயே மீனை வெட்டி உறையவைத்தன. 1968இல் மட்டும் அந்தக் கடலிலிருந்து 8 லட்சம் தொன் கொட் அள்ளப்பட்டது. 1977இல் கனடா 200 கடல்மைல் எல்லை போட்டு வெளிநாட்டுக் கப்பல்களைத் தள்ளியது. சரி, இனி நல்லகாலம் என்று நினைத்தார்கள். ஆனால் உள்நாட்டுக் கொம்பனிகள் அதே இழுவைமடியைத் தாங்கள் இழுத்தன. கரையோர மீனவர்கள் மீன் சிறுத்துக் குறைகிறது என்று கத்தினார்கள். கடலில் எவ்வளவு மீன் இருக்கிறது என்று அரசு போட்ட கணக்கோ உண்மையைவிடக் கூடுதலாக இருந்தது. இழுவைமடி எங்கள் வடகடலை என்ன செய்தது என்று அறிந்தவன் நான். அதனால்தான் இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது.

டிரெபாசியில் மீன் ஆலை 1991இல் மூடப்பட்டது. நூற்றுக்கணக்கானவர்களின் வேலை போனது. அடுத்த வருடம் ஜூலை 2ஆம் திகதி, கனடாவின் மீன்பிடி அமைச்சர் ஜோன் குரொஸ்பி, அந்தக் கடலின் கொட் மீனான "வடக்குக் கொட்" மீன்பிடிக்கே தடை அறிவித்தார். ஏறக்குறைய 30,000 பேர் வேலையிழந்தார்கள். 80களில், போர்க் காலத்தில், கடலுக்குப் போக விடாத கடல் வலயத் தடை வந்தபோது எங்கள் ஊரில் வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இருந்த உன் ஊரில் இப்போது 400 பேர் வாக்கில்தான். பூட்டிய வீடுகள் எல்லாம் பிழைப்புத் தேடிப் போனவர்களின் வீடுகள். மிஞ்சியவர்கள் நண்டிலும் ஓய்வூதியத்திலும், வெளிமாகாணத்துக்குப் போய்வந்து செய்யும் வேலையிலும் வாழ்கிறார்கள். 2024இல் தடை நீங்கியது. அந்த வருடத்துக்கு அனுமதித்தது 18,000 தொன். 1968ஐ ஒருதரம் நினைத்துப் பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன் வீட்டிலிருந்து காரில் அரை மணித்தியாலத்துக்குள் சென் ஷொட்ஸ் இருக்கிறது. 1986 ஓகஸ்ட் 11ஆம் திகதி அந்தக் கரைக்கு வெளியே, பனிமூட்டத்தில், இரண்டு உயிர்காப்புப் படகுகளில், தஞ்சம் தேடி வந்த எங்கள் ஈழத்தமிழ்ச் சனம் 155 பேர் மிதந்துகொண்டிருந்தார்கள். மீன்பிடிக்கப் போன கஸ் டால்ட்டன் என்ற கப்டன்தான் அவர்களைக் கண்டார். மற்றப் படகுகளையும் கூப்பிட்டு, எல்லோரையும் ஏற்றினார்கள். அந்த வருடங்களிலேயே அவர்களின் வலையில் மீன் குறையத் தொடங்கியிருந்தது. நீங்கள் யார், ஏன் வந்தீர்கள் என்று விசாரித்துவிட்டா ஏற்றினார்கள்?

உன்னிடம் இரத்த அழுத்தம் பார்க்க வரும் கிழவிகளில் ஆலையில் நின்றவர்கள் இருப்பார்கள். விரல்கள் மடங்காமல் இருந்தால், எத்தனை வருடம் கத்தி பிடித்தீர்கள் என்று கேள். அவசரப்படாமல் கேள்.

ஓகஸ்ட்டில் நானும் அம்மாவும் வருகிறோம். வீட்டுத் தேவைக்கு ஆளுக்கு ஐந்து மீன் பிடிக்க விடுவார்களாம், அந்தப் பெரியவர் என்னைப் படகில் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறார். அம்மா மீன்கறிக்குச் சரக்குத்தூள் இடித்து வைத்திருக்கிறா. அவருக்கும் ஒரு போத்தல் தனியாகக் கட்டியாயிற்று.

அன்புடன்,
அப்பா