மூன்றாவது கியரில் மட்டும் வந்த சத்தம்

தேனி

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிடி இல்லாமல் எழுந்து நிற்கிறாளாமே, சுற்றிப் போடு. இங்கே எல்லோரும் சுகம். சின்னவனுக்கு ஓசூரில் வேலை நிரந்தரமாகிவிட்டது. இவர் ரிடையர் ஆன நாளிலிருந்து தோட்டமே கதி என்று கிடக்கிறார். முருங்கை காய்த்துத் தள்ளுகிறது, தெருவில் கொடுக்காத வீடு பாக்கியில்லை.

உன் கார் சத்தத்துக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியிருந்தாயே, படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. நானும் போன மாதம் அதே கவலையோடுதான் அலைந்தேன்.

எங்கள் டீசல் வண்டி உனக்குத் தெரியும். போடிமெட்டு ஏறும்போதுதான் அந்தச் சத்தம் முதலில் காதில் விழுந்தது. மூன்றாவது கியரில் ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் ‘உஸ்ஸ்’ என்று ஒரு சீறல். காலை எடுத்தால் நின்றுவிடும். அங்கே 17 கொண்டை ஊசி வளைவு, எல்லாவற்றிலும் வண்டி இழுக்காமல் முனகியது. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்காரர் ஒருவர் முந்தும்போது, “அக்கா, கரும்புகை தள்ளுது!” என்று கத்திவிட்டுப் போனார்.

ஊரில் பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றுக்குக் கொண்டுபோனேன். “சார் வரலையா மேடம்?” என்பதுதான் முதல் கேள்வி. ஒரு பையன் நின்ற இடத்திலேயே ஆக்ஸிலேட்டரை உறுமவிட்டுப் பார்த்தான். சத்தம் வரவில்லை. அப்படியும் அரை மணி நேரத்தில் தீர்ப்பு வந்துவிட்டது: டர்போ போய்விட்டது, மாற்ற ஐம்பதாயிரத்தை ஒட்டி ஆகும். வண்டியை ரோட்டில் ஓட்டிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர் பெரியகுளம் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகையைக் காட்டினார். வயதான மெக்கானிக். பானெட்டைத் திறக்கும் முன் ஒரே கேள்வி மழை. காலையில் குளிர்ந்த எஞ்சினிலேயே வருதா, சூடானபின் வருதா? எந்த கியரில்? கிளட்சை மிதித்தால் நிற்குதா? மேட்டில் மட்டும்தானா? எல்லாவற்றுக்கும் பதில் சொன்னபின், “நீங்களே ஓட்டுங்கம்மா” என்று பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். ஒரு நீளமான காம்பவுண்ட் சுவரை ஒட்டிப் போகச் சொல்லி, கண்ணாடியை இறக்கிக் காதைக் கொடுத்தார். சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் தெளிவாகக் கேட்குமாம். மூன்றாவது கியரில் மெதுவாகப் போய், ஒரே அழுத்தாக அழுத்தச் சொன்னார். சீறியது. “ஹோஸ்தான்” என்றார்.

அவர் விளக்கியது இதுதான். டர்போ காற்றை அழுத்தி, அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வழியாக எஞ்சினுக்குள் தள்ளுகிறது. நடுவில் இருப்பதெல்லாம் தடித்த ரப்பர் ஹோஸ். வண்டி சும்மா நிற்கும்போது அதில் அழுத்தம் ஏறுவதே இல்லை. பாரம் இழுக்கும்போதுதான் ஏறும். சைக்கிள் ட்யூபில் காற்றடித்தால்தானே பஞ்சர் தெரியும், அதே கதை. ஹோஸில் கீறல் இருந்தால் அழுத்தம் ஏறும்போது அது வாய் பிளந்து சீறும். எஞ்சினுக்குப் போக வேண்டிய காற்று வெளியே போய்விடுகிறது, டீசல் மட்டும் பழைய அளவிலேயே இறங்குகிறது. இழுவை குறைந்ததும் கரும்புகை வந்ததும் அதனால்தான். டர்போ உண்மையிலேயே போயிருந்தால் எஞ்சின் ஆயில் குறையும், புகை நீலமாக வரும் என்றார்.

அப்படியும் சந்தேகம் வைக்காமல் டர்போவின் வாய்க் குழாயைக் கழற்றி, உள்ளே இருக்கும் இறக்கைச் சக்கரத்தை விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆட்டம் இல்லை. பிறகு ஹோஸின் அடிப்பக்கத்தைத் தடவி எனக்கு விரலைக் காட்டினார்: ஆயில் பசையோடு கருப்பு மண். அந்த இடத்தை இரு கையாலும் வளைத்ததும் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு பிளவு திறந்தது. நேராக இருக்கும்போது கண்ணுக்கே தெரியவில்லை, மல்லிகா. மதுரையிலிருந்து புது ஹோஸ் வரவழைத்து, இரண்டு கிளாம்பும் புதிதாகப் போட்டு, கூலியோடு மூவாயிரத்துக்குள் முடிந்தது. அடுத்த வாரமே போடிமெட்டு ஏறிப் பார்த்துவிட்டேன், சத்தம் இல்லை.

சரி, உன் வண்டிக்கு வருவோம். அதே ஹோஸ் என்று போய் நிற்காதே, உன்னுடையது டர்போ இல்லாத பெட்ரோல் வண்டி. நீ எழுதியதில் ஒரு வரிதான் முக்கியம்: தெருமுனையில் திரும்பும்போது ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் ‘டக் டக்’ என்கிறது, நேராகப் போகும்போது இல்லை. வீல் பேரிங் என்றால் வேகத்துக்கு ஏற்ப ஒரே சீராக உறுமும், காலை எடுத்தாலும் நிற்காது. சைலன்சர் தகரம் என்றால் நிறுத்திவைத்து உறுமவிட்டாலே கிலுகிலுக்கும். உன் சத்தம் முன் சக்கரத்துப் பக்கம் இருந்து எஞ்சின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கடத்தும் ஆக்சில் ஜாயின்டாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மெக்கானிக் அண்ணனிடமும் கேட்டேன், அவரும் அதையே சொன்னார்.

ஆளில்லாத மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, முதல் கியரில் மெதுவாக வட்டமடித்துப் பார். வலது பக்கம் சுற்றும்போது சத்தம் அதிகமென்றால் பெரும்பாலும் இடது ஜாயின்ட், இடப்பக்கம் சுற்றும்போது என்றால் வலது. பிறகு டார்ச் அடித்து அந்தச் சக்கரத்தின் உள்பக்கம் பார். ஜாயின்டை மூடி மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை இருக்கும், அதுதான் பூட். அது கிழிந்து, ரிம்மின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருந்தால் சந்தேகமே வேண்டாம். கிழிந்தவுடன் பார்த்திருந்தால் பூட்டும் கிரீஸும் மாற்றினால் போதும். மண் புகுந்து சத்தம் வந்தபின் ஜாயின்டையே மாற்றத்தான் வேண்டும். கிரீஸ் அடித்துச் சரிசெய்கிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதே. முற்றிலும் தேய்ந்து உடைந்தால் நடுரோட்டில் எஞ்சின் ஓடும், வண்டி நகராது.

ஒர்க்‌ஷாப்புக்கு மாப்பிள்ளையை அனுப்பாமல் நீயே போ. சத்தத்தைக் கேட்டவள் நீ. கழற்றிய பழைய சாமானைக் கையில் வாங்கிப் பார்க்காமல் பணம் கொடுக்காதே.

வைகாசியில் அத்தை மகள் கல்யாணத்துக்குத் திருச்சி வருகிறேன், இரண்டு நாள் உன் வீட்டில்தான். முருங்கைக்காய் ஒரு கட்டு கட்டாயம் உண்டு. சமயபுரம் போவதாக எழுதியிருந்தாய், அதை வண்டி சரியானபின் வைத்துக்கொள். எந்தப் பக்கத்து பூட் கிழிந்திருக்கிறது என்று பார்த்து உடனே எழுது. இங்கே அண்ணனிடம் விலை கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
சரோஜா