‘இன்னும் தெரியவில்லை’ என்று சொன்னால் அதையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மக்கள் தொடர்பு அலுவலர்கள் என்றால் பளிச்சென்று உடுத்திக்கொண்டு, சிரித்துப் பேசி, நிருபர்களுக்குக் காபி வாங்கிக் கொடுப்பவர்கள் என்று சென்ற வாரம் இந்தப் பகுதியில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். நான் 16 ஆண்டுகளாக அந்த வேலையில் இருப்பவள். படித்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. அன்று மாலைதான் எங்கள் அலுவலகத்தில் ஒரு பெண் வேலையை விட்டுப் போயிருந்தார்.

வியாசர்பாடிப் பெண். வீட்டில் முதல் பட்டதாரி. சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. எங்கள் வாடிக்கையாளர் நிறுவனம் ஒன்று புதிய கிளை திறந்தபோது செய்திக்குறிப்பு எழுதியவர், நாற்பது நிருபர்களுக்குப் போன் செய்தவர், படங்களுக்குக் கீழே யார் யார் நிற்கிறார்கள் என்று பெயர் பார்த்து எழுதி அனுப்பியவர் எல்லாம் அவர்தான். அன்று நகரமெங்கும் மழை. பக்கங்கள் முழுவதும் மழைச் செய்திக்கே போயின. போக வேண்டியதுதான், வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவருக்குக் கிளைத் திறப்பு விழா எதற்கு? மறுநாள் இரண்டு நாளிதழ்களில் விரல் அளவுக்குச் செய்தி வந்தது. அதற்காக அந்தப் பெண்ணைப் பத்துப் பேர் முன்னால் நிற்கவைத்து, “நீ என்னதான் செய்தாய்?” என்று கேட்டார்கள். நானும் அந்த அறையில் இருந்தேன். உடனே எழுந்து பேசாமல் போனேனே என்பது இன்னும் உறுத்துகிறது.

எந்தச் செய்தி வர வேண்டும் என்று முடிவு செய்வது நீங்கள். அது அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் “எல்லாப் பத்திரிகையிலும் வந்துவிடும்” என்று வாடிக்கையாளரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வருகிறார்கள் எங்கள் மேலிடத்தில். கொடுத்தவர் ஒருவர், காப்பாற்ற வேண்டியவர் வேறொருவர். அதுவும் அலுவலகத்திலேயே குறைந்த சம்பளம் வாங்குகிறவர்.

நான் சேர்ந்த புதிதில் காலை ஏழு மணிக்கே நாளிதழ்களைத் தரையில் விரித்துவிடுவோம். எங்கள் செய்தியைக் கத்தரித்து, வெள்ளைத் தாளில் ஒட்டி, ஸ்கேல் வைத்து அளப்போம். எத்தனை பத்தி, எத்தனை சென்டிமீட்டர், அதை விளம்பரக் கட்டணத்தால் பெருக்கினால் வரும் தொகைதான் எங்கள் உழைப்பின் விலை. பசை காய்வதற்குள் மேலாளர் வந்து நிற்பார். இந்தக் கணக்கு மக்கள் தொடர்புப் பணியின் மதிப்பைக் காட்டாது என்று 2010-இல் பார்சிலோனாவில் கூடிய எங்கள் துறையினரே தீர்மானமாக எழுதிவைத்தார்கள். ஆனாலும் மாதக் கடைசியில் இன்றும் அதே கணக்கைத்தான் கேட்கிறார்கள். இப்போது கணினி அளந்து கொடுக்கிறது.

இதையாவது பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கலாம். இதைவிடக் கனமான ஒன்று உண்டு. என்ன நடந்தது என்று தெரிவதற்கு முன்பே ஊருக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலை.

2023 டிசம்பர் மாதத்தை வடசென்னைக்காரர்கள் மறக்க மாட்டார்கள். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்து, மீனவர்களின் படகும் வலையும் கருத்துக் கிடந்தன. அந்த வேதனை ஆறுவதற்குள், 26-ஆம் தேதி நள்ளிரவு நெருங்கும் வேளையில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். என் சித்தி சின்னக்குப்பத்தில் இருக்கிறார். போனில் இருமல்தான் முதலில் கேட்டது. “நீ பத்திரிகைக்காரர்களோடு பேசுகிறவள்தானே, இது என்ன வாயு என்று கேட்டுச் சொல். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பதா, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவதா?” என்றார். நான் எனக்குத் தெரிந்த நான்கு பேரை எழுப்பினேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அமோனியா என்று தெரிந்திருந்தால் ஈரத்துணியால் மூக்கை மூடிக்கொள்ளுங்கள் என்றாவது சொல்லியிருப்பேன். சித்திக்கு என்னால் அன்று ஒரு வார்த்தை உருப்படியாகச் சொல்ல முடியவில்லை.

அதற்கு அடுத்த ஆண்டு, நாங்கள் பணி செய்யும் வேறொரு தொழிற்சாலையில் இரவு புகை கிளம்பியது. 11.20-க்கு எனக்குப் போன் வந்தது. “பொதுமக்களுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை என்று 15 நிமிடத்தில் அறிக்கை கொடுங்கள்.” யார் போய்ப் பார்த்தார்கள் என்று கேட்டேன். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் உள்ள வீடுகளுக்கு அதுவரை ஒருவரும் போகவில்லை. மகள் தூங்கிக்கொண்டிருந்ததால் சமையலறைத் தரையில் மடிக்கணினியோடு உட்கார்ந்து இப்படி எழுதினேன்: “இரவு 10.50 மணிக்குப் புகை காணப்பட்டது. தீயணைப்பு வீரர்கள் வந்திருக்கிறார்கள். காரணமும் பாதிப்பும் இன்னும் தெரியவில்லை. 1 மணிக்கு மீண்டும் தகவல் தருவோம்.” கடைசிக்கு முந்தைய வரியை எடுத்துவிடச் சொல்லி இருபது நிமிடம் சத்தம் போட்டார்கள். நான் எடுக்கவில்லை. சித்தியின் இருமல் காதில் இருந்தது. ஒருவழியாக அனுப்பச் சம்மதித்தார்கள். சொன்னபடி 1 மணிக்கு அடுத்த தகவலையும் கொடுத்தோம். மறுநாள் காலை ஒரு நாளிதழில் ‘நிர்வாகம் மழுப்பல்’ என்று தலைப்பு.

முதல் செய்திக்குறிப்பு என்று எங்களுக்குப் பாடத்தில் சொல்லித் தந்தது, 1906-இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ரயில் விபத்தைப் பற்றி எங்கள் துறையின் முன்னோடியான ஐவி லீ எழுதியது. ஒரு விபத்தை ஒளிக்காமல் சொல்வதில்தான் இந்தத் தொழிலே வேர்விட்டது என்று நான் நம்புகிறேன். அதனால்தான் அந்தத் தலைப்பு அப்படிச் சுட்டது.

இரண்டு வாரம் கழித்துத் தண்டையார்பேட்டையில் மருத்துவர் ரத்த அழுத்தம் பார்த்தார். 160-க்கு 100. போன் ஒலித்தாலே கை நடுங்கிய நாட்கள் அவை. தேனாம்பேட்டையில் மெட்ரோ ஏறினால், தண்டையார்பேட்டை தாண்டி ரயில் சுரங்கத்தை விட்டு மேலே வரும் இடத்தில் என் நெஞ்சு தானாகப் படபடக்கும். சிக்னல் முழுதாகக் கிடைத்து, விட்டுப்போன அழைப்புகள் எல்லாம் வரிசையாக வந்து விழும் இடம் அது.

பிறகு பிடிவாதமாக இரண்டு காரியம் செய்தேன். செய்தி வெளியாவது ஆசிரியர் குழுவின் முடிவு என்ற வரியை எங்கள் ஒப்பந்தத்தில் சேர்க்கவைத்தேன். ஒரு வாடிக்கையாளர் விலகிப் போனார், மற்றவர்கள் கையெழுத்திட்டார்கள். இன்னொன்று, இரவு அழைப்புக்கென்று தனி போன். பழைய போன்தான், ஓரத்தில் கண்ணாடி விரிசல். அதை ஒரு துணிப்பையில் சார்ஜரோடு போட்டு, திங்கட்கிழமை மாலை கைமாற்றுகிறோம். நான்கு பேருக்கு முறை. என் முறை இல்லாத வாரங்களில் காலடிப்பேட்டையில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது மகள் பேசுவது எனக்குக் காதில் விழுகிறது. மன அழுத்தம் குறைய அலுவலகத்தில் யோகா வகுப்பு வைக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் அந்தத் துணிப்பை செய்த உதவியை எந்த வகுப்பும் எனக்குச் செய்யவில்லை.

வேலையை விட்ட பெண்ணுக்கு டெலி மானஸ் எண் 14416-ஐ எழுதிக் கொடுத்தேன். அரசின் இலவச மனநல உதவி எண், எந்நேரமும் பேசலாம். வாங்கிக்கொள்ளக் கூச்சப்பட்டார். நானும் பேசியிருக்கிறேன் என்று சொன்ன பிறகுதான் பையில் வைத்துக்கொண்டார்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் இரவுப் பணி நிருபர்களுக்கும் பக்கம் முடிக்கும் நேரத்தின் நெருக்கடி இருக்கிறது என்று அறிவேன். ஆனால் பத்து நிமிடத்தில் பதில் வராவிட்டால் ‘பதிலளிக்க மறுப்பு’ என்று போடும்போது, தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லச் சொல்லும் மேலிடத்துக்கு அது வசதியாகிவிடுகிறது. “பார்த்தாயா, ‘பாதிப்பில்லை’ என்று சொல்லியிருந்தால் இந்த ‘மழுப்பல்’ தலைப்பு வந்திருக்குமா?” என்று என்னிடமே கேட்டார்கள். எங்களில் ஒருவர் நள்ளிரவில் “இன்னும் தெரியவில்லை, இத்தனை மணிக்குச் சொல்கிறோம்” என்றால், அந்த வரியையும் அந்த நேரத்தையும் அப்படியே அச்சிடுங்கள். சொன்ன நேரத்தில் சொல்லாவிட்டால் அதையும் அச்சிடுங்கள்.

இன்னும் இந்த வேலையில் இருப்பதால் பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

வாசகி,
காலடிப்பேட்டை, சென்னை – 19