ஆரம்ப மீதி பூச்சியம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இதழில், கசினோ மேசை விளையாட்டுகளில் பந்தய முறைகளை நேரமறிந்து மாற்றுவது பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். தோற்கும்போதெல்லாம் பந்தயத்தை இரட்டிப்பாக்கும் மார்டிங்கேல், தோற்றால் ஓர் அலகு கூட்டி வென்றால் ஓர் அலகு குறைக்கும் டாலம்பேர், 1, 1, 2, 3, 5, 8 என்று ஏறிப்போகும் ஃபிபொனாச்சி என எல்லாம் தெளிவாகவே எழுதப்பட்டிருந்தன. ஒரு முறை கைகொடுக்காதபோது அடுத்ததற்குத் தாவத் தெரிந்தவர்தான் கெட்டிக்காரர் என்று கட்டுரை முடிந்திருந்தது. அந்த முடிவைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் கசினோ வாசலை மிதித்தவள் அல்ல. கிளிநொச்சிப் பக்கம் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் முப்பத்தொரு வருடம் கணக்கெழுதி ஓய்வு பெற்றவள். ஆனால் ஒரு பந்தயக் கணக்கை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கணக்காய்வு செய்திருக்கிறேன். என் பெறாமகன் ஐந்து மாதமாகக் கைத்தொலைபேசியில் ரூலெட் ஆடியிருக்கிறான். எங்கோ ஒரு நாட்டில் ஒரு பெண் சக்கரத்தைச் சுழற்றிச் சிறு குண்டை உருட்டுவாள், அது ஏதாவது ஒரு நிறக் குழியில் விழும். இவன் விசுவமடுவில் திண்ணையில் இருந்து சிவப்பிலோ கறுப்பிலோ காசு வைப்பான். ஒன்று சொல்ல வேண்டும், பிள்ளை ஒழுங்கானவன். ஒவ்வொரு பந்தயத்தையும் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருந்தான். முறைக்கொரு நிறப் பேனை. அக்காவின் சங்கிலி அடகில் இருப்பது தெரியவந்த அன்று அந்தக் கொப்பி என் கைக்கு வந்தது.

"முறையில் பிழையில்லை சின்னம்மா, மாற்றப் பிந்திவிட்டேன்" என்றான்.

அவன் தொடங்கியது மார்டிங்கேலில், நீலப் பேனையால். முதல் பந்தயம் 500 ரூபா. தோற்றால் 1,000, பிறகு 2,000, 4,000, 8,000, 16,000, 32,000. எங்கே வென்றாலும் விட்டதெல்லாம் திரும்பி, கூடவே 500 ரூபா இலாபம். மூன்று வாரம் ஒவ்வொரு இரவும் இலாபம்தான். ஒரு புதன்கிழமை தொடர்ந்து ஏழு தடவை தோற்றான். போனது 63,500 ரூபா. எட்டாவது பந்தயம் 64,000 ஆக இருக்க வேண்டும்; மேசையின் வரம்போ 50,000. முறை அங்கேயே நின்றுவிட்டது.

இதைக் கெட்ட காலம் என்றான். சக்கரத்தில் 37 குழிகள்: 18 சிவப்பு, 18 கறுப்பு, ஒரு பச்சைப் பூச்சியம். பூச்சியம் விழுந்தால் இரு நிறக்காரருக்கும் தோல்வி. ஆகவே ஒரு தடவை தோற்பதற்கு 37இல் 19 வாய்ப்பு. அதை ஏழு தடவை பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 106இல் ஒன்று வரும். அதாவது 105 தொடர்களில் 500 ரூபாவாகச் சேர்த்தால் 52,500. மிஞ்சும் அந்த ஒரு தொடரில் போவது 63,500. காலம் கெட்டதல்ல, கணக்கே அப்படித்தான். 1913 ஓகஸ்ட் 18ஆம் திகதி மொன்டே கார்லோ கசினோவில் கறுப்பு 26 தடவை தொடர்ந்து விழுந்தது. இனிச் சிவப்புத்தான் என்று வைத்தவர்கள் எல்லாம் இழந்தார்கள். இவனுக்கு வெறும் ஏழுதான்.

அடுத்த நாளே பச்சைப் பேனை. டாலம்பேர். அந்தப் பெயருக்குரிய பிரெஞ்சுக்காரர் சாதாரண ஆள் அல்ல, பெரிய கணித மேதை. ஆனாலும் நாணயத்தை இரண்டு தடவை சுண்டினால் ஒரு தடவையாவது தலை விழ 3இல் 2 வாய்ப்பு என்று 1754இல் எழுதிவைத்தவர் அவர். சரியான விடை 4இல் 3. மேதைக்கே அந்த நிலை என்றால் என் பெறாமகனை நான் அதிகம் திட்டக்கூடாது.

பச்சைக்குப் பிறகு ஊதா, அதாவது ஃபிபொனாச்சி. பிறகு மறுபடி நீலம். மாற்றுவதற்கு முன்பு புதிய முறையைப் பழைய பக்கத்தில் பரீட்சித்துப் பார்த்திருக்கிறான். "நேற்று இதை ஆடியிருந்தால் வென்றிருப்பேன்" என்று ஓரத்தில் குறிப்பு. விழுந்து முடிந்த எண்களுக்குப் பொருந்துகிற ஒரு முறை எப்போதும் கிடைக்கும். விழப்போகிற எண்ணுக்குத்தான் கிடைக்காது.

எனக்கு உறுத்தியது வேறு. ஒவ்வொரு புதிய முறைக்கும் புதிய பக்கம் திறந்திருந்தான். பக்கத்தின் உச்சியில் ஆரம்ப மீதி: 0. பழைய பக்கத்தில் போன 63,500 எங்கே? அது மார்டிங்கேலின் நட்டமாம், டாலம்பேரின் கணக்கில் அது வராதாம்.

2009இல் எங்கள் சங்கத்தின் பேரேடுகள் எல்லாம் போய்விட்டன. மீளக்குடியேறி வந்து புதிய காசேடு திறந்தபோது ஆரம்ப மீதியைப் பூச்சியம் என்று எழுதியிருக்கலாம், கேட்க ஆளில்லை. ஆனால் அங்கத்தவர்கள் தங்கள் பாஸ் புத்தகங்களைப் பொலித்தீனில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். சேமிப்பைக் காட்ட வந்தவர்கள் மட்டுமல்ல, "இவ்வளவு கடன் தர வேண்டும், எழுதுங்கள்" என்று சொல்ல வந்தவர்களும் இருந்தார்கள். அந்த மீதிகளை ஒவ்வொன்றாக எழுதிய கை இது. அதனால்தானோ என்னவோ, அந்தக் கொப்பியின் பூச்சியங்களைக் கண்டதும் எனக்குக் கோபம் வந்தது.

பக்கத்துக்குப் பக்கம் மீதியைக் கீழே கொண்டுசென்று கூட்டினேன். இன்னொரு நிரலும் போட்டேன்: இதுவரை வைத்த பந்தயங்களின் மொத்தம். ஐந்து மாதத்தில் 31 இலட்சத்து 45 ஆயிரம் ரூபா. அவன் நம்பவில்லை, தன்னிடம் அவ்வளவு காசு இருந்ததே இல்லை என்றான். உண்மைதான், அதே காசுதான் திரும்பத் திரும்ப மேசைக்குப் போய் வந்திருக்கிறது. போய் வரும் ஒவ்வொரு 100 ரூபாவிலும் சராசரியாக 2 ரூபா 70 சதத்தை அந்தப் பச்சைப் பூச்சியம் எடுத்துக்கொள்கிறது. 31,45,000ஐ 37ஆல் வகுத்தால் 85,000. அவன் உண்மையில் இழந்தது 97,500. நீலப் பேனைக்கு ஒரு வீதம், பச்சைப் பேனைக்கு ஒரு வீதம் என்று சக்கரத்திடம் இல்லை. முறைகள் மாற்றுவது நட்டத்தின் வடிவத்தை மட்டும்: ஒரே கடனைச் சிறு தவணைகளாகக் கட்டுவதா, ஒரே நாளில் கட்டுவதா என்பது போல.

"மாறி மாறி ஆடினால் எங்கள் போக்கு அவர்களுக்குப் பிடிபடாது" என்றும் சொன்னான். சக்கரம் இவனைப் பார்க்கிறது என்ற நினைப்பு. இரணைமடுக் குளத்தில் தண்ணீர் குறைந்தால் சிறுபோகத்துக்கு மூன்றரை மாத நெல்லை விட்டு மூன்று மாத நெல்லுக்கு மாறுகிறோம். அந்த மாற்றத்துக்கு அர்த்தம் இருக்கிறது. குளம் உண்மையிலேயே குறைந்திருக்கிறது, குறுகிய கால நெல் உண்மையிலேயே தண்ணீரை மிச்சப்படுத்துகிறது. ரூலெட்டில் முந்திய பத்துச் சுற்றும் அடுத்த சுற்றுக்கு ஒரு செய்தியும் சொல்வதில்லை.

கட்டுரையாளருக்கு ஒரு நியாயம் செய்ய வேண்டும். பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டத்தில் பந்தயத்தை மாற்றுவது பற்றி அவர் எழுதியது பிழையல்ல. நம் ஆட்கள் 304 சீட்டு ஆடும்போது எந்தத் துரும்பு போய்விட்டது, எது இன்னும் கையில் கிடக்கிறது என்று நினைவில் வைத்திருப்பார்களே, அதுபோல அங்கும் போன சீட்டு திரும்ப வராது. மிஞ்சிய கட்டு மாறுவதால் பந்தயத்தை மாற்றுவதற்குக் காரணம் உண்டு. எட்வர்ட் தோர்ப் என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் 1962இல் அதைப் பகிரங்கமாகக் காட்டினார். அதன்பின் கசினோக்கள் கட்டுகளைக் கூட்டின, இடையிலேயே கலைத்துப் போட்டன, போன சீட்டுகளை எண்ணுகிறவரை வெளியே அனுப்பின. ரூலெட் முறைக்காரரை எந்தக் கசினோவும் வெளியே அனுப்பியதாக நான் அறியேன். கதிரை போட்டு இருத்துவார்கள். உண்மையில் பலன் உள்ள மாற்றம் ஒன்றைக் கட்டுரை சொல்லவேயில்லை: இரட்டைப் பூச்சியம் உள்ள அமெரிக்கச் சக்கரத்தில் 100 ரூபாவுக்கு 5 ரூபா 26 சதம் போகும், ஒற்றைப் பூச்சியத்தில் அதில் ஏறக்குறையப் பாதி. பேனையை மாற்றுவதைவிட மேசையை மாற்றுவது மேல். எழுந்து போவது அதைவிட மலிவு.

அடுத்த ஞாயிறு இரண்டாம் பகுதி வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அதிலும் அட்டவணை வருமென்றால், தயவுசெய்து இரண்டு நிரல்களைச் சேர்க்கச் சொல்லுங்கள்: முந்திய முறையிலிருந்து கொண்டுவரப்பட்ட மீதி, இதுவரை வைத்த மொத்தம். இடம் போதாது என்றால் படத்தைச் சிறிதாக்கலாம். அந்த இதழை வாங்கி வைப்பதாகப் பெறாமகனிடம் சொல்லியிருக்கிறேன். கொப்பி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கூட்டுறவுக் கணக்கெழுதுநர்,
தருமபுரம்.